உபகாரிகள் கல்லில் ஒரு வரி இடம்

முதல் அநியாயம் வழி. இரண்டாவது அநியாயம் பெஞ்சு. மூன்றாவது அநியாயம் தண்ணீர். இந்த வரிசையை மாற்றக் கூடாது, தோழர். வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும். ஆயுள் முழுக்க நோட்டீஸ் எழுதியவன் சொல்கிறேன்.

உளிப் பையைக் கீழே வையுங்கள். குப்புராஜ், இவருக்கு ஒரு டீ. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுப் போடு, உன் இஷ்டத்துக்குக் கொட்டாதே. இவர்தான் கல்வெட்டுக்காரர், சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். தொட்டிக் கோயில் கல்லில் கடைசி வரி வெட்டப் போகிறார். என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கோயில் காரியம் பார்க்கிற டீக்கன் தியோடர் போன வாரமே உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பார். அதை இப்போது சொல்ல வேண்டாம், மனதிலேயே இருக்கட்டும். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு உளியை எடுங்கள். உங்களைப் பிடிப்பதற்காகத்தான் குப்புராஜ் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கனலரசு. நானே எனக்கு வைத்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்தது சாமி பெயர், அதை உதறிவிட்டேன். ஆனால் இந்த வெண்கரட்டூரில் நோட்டீஸ்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பள்ளிக்கூடம் எனக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. மீதியெல்லாம் நோட்டீஸ் படிப்பு. கூட்டத்தில் கொடுக்கிற நோட்டீஸ், கடலை மடித்துத் தருகிற நோட்டீஸ், சுவரில் ஒட்டிப் பாதி கிழிந்த நோட்டீஸ். கிழிந்த பாதியில் என்ன இருந்திருக்கும் என்று நானே யோசித்து நிரப்பிக்கொள்வேன். எனக்குச் சொந்தச் சிந்தனை வந்தது அப்படித்தான்.

கோயில் பலகையில் வெண்கரட்டூர் பாப்டிஸ்டு சபை என்று இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தொட்டிக் கோயில்தான். வெள்ளைக்காரப் பாதிரி துரை வந்தபோது முதலில் கட்டியது தொட்டியை. சுவர் பிறகு, கூரை அதற்கும் பிறகு. சிலகாலம் வெட்டவெளியில் வெறும் தொட்டி மட்டும் இருந்ததாம். மாட்டுக்குத்தான் கட்டியிருக்கிறார் என்று ஊர்க்காரர்கள் எருமைகளை ஓட்டிவந்து இறக்கிவிட்டார்கள். துரை எருமையை விரட்டவில்லை, எருமைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தார். முதல் சபை அந்த எருமைக்காரர்கள்தான். இதைக் கோயிலின் நூற்றாண்டு மலரில் போடமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

தொட்டி எதற்கு என்றால், இந்தச் சபைக்காரர்கள் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இல்லை. வயது வந்து, யோசித்து, தானாக வந்து நிற்பவரைத் தொட்டியில் இறக்கி முழுதாக முக்கி எடுப்பார்கள். உச்சந்தலை நனைய வேண்டும். நனைந்தவர் எல்லாரும் அங்கே சமம். ஆலை முதலாளிக்கும் ஒரே ஓட்டு, அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவருக்கும் ஒரே ஓட்டு. நான் கடவுள் மறுப்பாளன். ஆனாலும் கொள்கை அளவில் இதில் எனக்குக் குறை இல்லை. நம்முடைய இயக்கத்திலேயே அந்த அளவு ஜனநாயகம் கிடையாது. இதை வெளியில் சொல்லாதீர்கள்.

கோயில் வாசலில் உபகாரிகள் கல். சபைக்கு உதவியவர்களின் பெயர்கள். அதை நான் நின்று படித்தது கிடையாது. போகிற போக்கில் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். முதல் வரி துரையும் துரைசாணியும். இரண்டாவது வரி நிலம் கொடுத்தவர். மூன்றாவது வரியில்தான் முதல் அநியாயம்.

அப்போது நான் ரத்தினத்தின் சேகோ ஆலையில் இருந்தேன். கிழங்கு அரைத்து ஜவ்வரிசி எடுக்கிற ஆலை. ரத்தினம் இந்தச் சபையின் பெரிய மனிதர். ஆலைக்கும் கோயிலுக்கும் நடுவில் ஊர்ப் பொதுச் சந்து ஒன்று இருந்தது. கிழங்கு மூட்டை அடுக்க இடம் போதவில்லை என்று அதில் முள்வேலி போட்டு அடைத்தார். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது என் துணைவி சொன்னாள். மனைவி என்று சொல்லமாட்டேன், தோழர், அது அடிமைத்தனத்தின் சொல். என் துணைவி அந்தச் சபையில் பிறந்து அந்தத் தொட்டியிலேயே முழுகியவள். எங்களுக்கு மாலை மாற்றித் திருமணம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்கு நான் அவளுக்குப் பூரண சுதந்திரம் கொடுத்திருந்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, ஆலைப் பெண்கள் எல்லாரும் இப்போது சுடுகாட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றாள். சும்மா பேச்சுக்குச் சொன்னது. அவளுக்கு அரசியல் தெரியாது. ஆனால் எனக்குள் பொறி தட்டியது.

வேலிக்கு முன்னால் படுத்தேன். போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. திரும்பிவந்து மறுபடியும் படுத்தேன். கடைசியில் தாசில்தார் வந்து சங்கிலி பிடித்து அளந்து, பொதுவழி என்று எழுதி வேலியைப் பிடுங்கவைத்தார். அதுவரை சபைக்காரர்கள் சாக்கடை ஓரமாகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். இப்போது கல்யாணக் கார் நேரே வாசலுக்கு வருகிறது. நல்லது, வரட்டும். கல்லில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "இவ்வழி ரத்தினம் குடும்பத்தார் அன்பளிப்பு." தோற்றுப்போன இடத்தைத் தானம் என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது, பெஞ்சு. இது சின்னக் கதை, ஆனால் இதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம். எங்கள் தொழிலாளர் சங்க ஆபீஸ் கட்டடக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்லி, பெஞ்சுகளைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டார். அவர் வீட்டு வாசலிலேயே அவற்றைக் கொளுத்திக் கண்டனம் தெரிவிப்பது என்று நான் முடிவு செய்தேன். என் துணைவி வானத்தைப் பார்த்தாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது, ஈரப் பெஞ்சு எரியாது, போராட்டம் முடிகிற வரைக்கும் கோயிலில் போட்டு வைக்கலாமே என்றாள். தந்திரோபாயமாக ஒத்துக்கொண்டேன். போராட்டம் இன்னும் முடியவில்லை, தோழர். பெஞ்சுகளும் அங்கேதான் இருக்கின்றன. முதுகுப் பலகையில் "உழைப்பவனே உயர்ந்தவன்" என்று சிவப்பில் நானே எழுதியது. அதன்மேல் வார்னிஷ் அடித்தார்கள், எழுத்து இன்னும் பளிச்சென்று ஆகிவிட்டது. ஊரில் எந்தச் சபைக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்தாலும் மாப்பிள்ளைக்குப் பின்னால் என் முழக்கம் இருக்கும். கல்லில் எழுதியது: "இருக்கைகள், பெயர் வெளியிட விரும்பாத ஓர் அன்பர்."

விரும்பவில்லை என்று நான் யாரிடம் சொன்னேன்?

மூன்றாவது, தண்ணீர். பெரிய வறட்சி. தொட்டி காய்ந்து வெடித்துக் கிடந்தது. முழுகுவதற்குப் பேர் கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள், கொஞ்சம் தெளித்து முடித்துவிடுங்களேன் என்று கேலி பேசினார்கள். இவர்கள் அசையவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் வெளியில் சொல்லாதீர்கள். அதே சமயம் எங்கள் தெருவிலும் குழாய் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் காலிக்குடப் போராட்டம் அறிவித்தேன். பெண்கள் குடத்தோடு திரண்டு வந்தார்கள். என் துணைவிதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள் என்றாலும், வந்தது என் பேச்சைக் கேட்கத்தான். முக்கால்வாசிப் பேர் அவள் சபைப் பெண்கள் என்பது தற்செயல். அங்கே லத்தியில் வாங்கியது இந்தத் தோள்பட்டை. இன்னும் மழைக்காலத்தில் பேசும்.

குழாய் வந்தது. எங்கே நடுவது என்று கேட்டார்கள். எங்கள் கொடிக்கம்பத்தடியில் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே வெயில் கொளுத்தும், கோயில் சுவரோரம் வேப்பமர நிழல் இருக்கிறது, பெண்கள் வரிசையில் நிற்க வசதி என்று துணைவி சொன்னாள். மனிதாபிமான அடிப்படையில் இடத்தை மாற்றிக் கொடுத்தேன். அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளை சுவரைத் தாண்டித் தொட்டிக்குப் போனது. கல்லில் எழுதியது: "நீர், கர்த்தரின் கிருபை." கர்த்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் எந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் அடி வாங்கினார்?

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

இப்போது நூற்றாண்டு. கல்லில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் பாக்கி. போதகர் இஸ்ரவேல் பிரபு சின்ன வயதுக்காரர், புதிதாக வந்தவர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அவர் சபை வரலாறு எழுதுகிறேன் என்று வயதான பெண்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டார். கொஞ்ச நாளில் ஊரில் பேச்சு கிளம்பியது. கடைசி வரி நோட்டீஸ்காரர் வீட்டுக்குத்தானாம்.

எனக்குப் பெயர் ஆசை கிடையாது. அதனால் மறுப்பதற்கு உடனே தயாரானேன். "கல்லில் என் பெயரா? கனலரசு கண்டனம்" என்று நோட்டீஸ் அச்சடித்தேன். மறுக்கிறவன் கசங்கிய சட்டையோடு போகக் கூடாது என்பதற்காகப் புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை. பிறகு தியோடர் வீட்டுக்குப் போய், என் இனிஷியல் சரியாகத் தெரியுமா என்று கேட்டேன். மறுக்கப்படுகிற பெயர் பிழையில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா? தியோடர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பார்த்தார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசிப்பது போல, கல்லில் ஏறப்போகிற பெயரையும் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மறுப்பு உள்ளவர் எழுந்து சொல்லலாம். மூன்றாவது வாசிப்பும் தாண்டிவிட்டால் கல்லுக்குப் போய்விடும்.

முதல் ஞாயிறு நான் நோட்டீஸ் கட்டோடு வாசற்படியில் நின்றேன். போதகர் மைக்கில் வாசித்தார். வழி, இருக்கை, தண்ணீர் மூன்றும் இந்தச் சபைக்குக் கிடைக்கக் காரணமாயிருந்தவர் என்றார். வரிசைகூடச் சரியாக இருந்தது. நான் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் பெயரை வாசித்தார்.

திருமதி கனலரசு.

தூக்கின இன்னொரு கால் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது, தோழர்.

உள்ளே போய் மறுப்பு என்றேன். தியோடர் எழுந்தார். தொட்டியில் முழுகினவர்களுக்குத்தான் மறுப்புச் சொல்ல உரிமை, நீங்க முழுகலையே என்றார். மறுக்கிற உரிமைகூட நனைந்தவனுக்குத்தானாம். ஆராதனை முடிந்து போதகரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றும் என் போராட்டம், ஊருக்கே தெரியும் என்றேன். அவர் தன்மையாகச் சொன்னார், பழைய வரிகளை அழிக்க முடியாது, உண்மையை ஒரு வரியாகச் சேர்க்கலாம் என்று பார்க்கிறோம் என்று. எது உண்மை என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, ஆலையில் வேலை செய்த ஒரு கிழவி சொன்னதை அப்படியே சொன்னார்.

"நோட்டீஸ்காரரை எந்தப் பக்கம் திருப்பி வெச்சாக் கத்துவாருன்னு அந்தம்மாவுக்குத்தான் தெரியும். நமக்கு என்ன வேணுமோ அந்தப் பக்கம் திருப்பி வெச்சிரும்."

இது ஒரு ஆதாரமா? வேலை வெட்டி இல்லாத கிழவிகள் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சு. இன்னும் பல கிழவிகளும் அதையே சொன்னார்களாம். கூட்டுச் சதிக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த வாரமே களத்தில் இறங்கினேன். இறங்கினேன் என்றால் தொட்டியில். பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே தொட்டி. நூற்றாண்டு ஆராதனையில் சிலர் முழுகுவதாக இருந்ததால் தேய்த்துக் கழுவித் திறந்து வைத்திருந்தார்கள். நான் படி வழியாக இறங்கி, "மறுக்கும் உரிமை மனித உரிமை" என்ற அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முழுகாமலே மறுக்கிற உரிமை வேண்டும் என்பது கோரிக்கை. போதகர் வந்து கெஞ்சிப் பார்த்தார். தியோடர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பெண்கள் பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள், நான் கீழே இருக்கும்போதே மேலே பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. தொட்டியைக் கழுவியவர் கிளைக் குழாயின் வால்வை மூட மறந்திருக்கிறார். தண்ணீர் வந்துவிட்டது.

கலெக்டர் ஆபீஸ் முன்னால் வண்டி வைத்துத் தண்ணீர் பீச்சியடித்தபோதே எழுந்திருக்காதவன் நான். இதற்கா எழுந்திருப்பேன்? இடுப்பு வரை வந்தது. அட்டையை உயர்த்திப் பிடித்தேன். மார்பு வரை வந்தது. பாட்டு நின்றுவிட்டது. பெண்கள் தொட்டியைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். யாரோ ஒருத்தி மெதுவாக வேறு பாட்டை எடுத்தாள், முழுக்கு நேரத்தில் பாடுகிற பாட்டு, எனக்கே தெரியும். தாடையைத் தொட்டபோது தியோடர் டார்ச் லைட்டோடு வந்து என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சந்தான்" என்றார். மிரட்டினாரா ஆசைப்பட்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

போதகர்தான் பின்பக்கம் ஓடிப்போய் வால்வை அடைத்தார். முழுக்கு மனதால் நடக்க வேண்டும், குழாயால் நடக்கக் கூடாது என்று மூச்சு வாங்கச் சொன்னார். அது நல்ல கொள்கைதான். ஆனால் அதற்குள் நான் எழப் போய், கழுவிய தரை வழுக்கி, புருவம் வரைக்கும் உள்ளே போய் வந்துவிட்டேன். உடனே அங்கேயே சபைக்குள் தகராறு. முழுகிவிட்டார் என்று பாதிப் பேர். மனசு முழுகவில்லையே என்று பாதிப் பேர். தியோடர் என் தலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். கோயிலில் என் தலையைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

"உச்சி காஞ்சிருக்கு" என்றார். தீர்ந்தது விவகாரம். நான் சபையானும் இல்லை, காய்ந்தவனும் இல்லை. அட்டையிலிருந்த எழுத்து கரைந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டியதுதான் மிச்சம்.

சிரியுங்கள், பரவாயில்லை. குப்புராஜ் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

வீட்டில் என் துணைவி துண்டால் தலையைத் துவட்டிவிட்டாள். உச்சியை மட்டும் விட்டுவிட்டுத் துவட்டினாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். துவட்டிக்கொண்டே, "விடுங்க. கல்லுல உங்க பேருதான வருது" என்றாள்.

அதை நான் அந்தக் கோணத்தில் பார்த்திருக்கவில்லை. திருமதி கனலரசு. முன்னால் ஒரு மரியாதைச் சொல், அவ்வளவுதான். கல்லில் பெரிதாகத் தெரியப்போவது கனலரசு. நூறு வருடம் கழித்து வருகிறவன், யாரப்பா இந்தக் கனலரசு என்றுதானே கேட்பான்? அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். ஆசையால் இல்லை. போராட்டத்தில் சில கட்டங்களில் மௌனமும் ஓர் ஆயுதம்.

இரண்டாவது ஞாயிறு உள்ளேயே போய் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன், கண்காணிப்பதற்காக. போதகர் வாசித்தார். அவர் என் பெயரை மைக்கில் உச்சரித்த விதத்தில் குறை சொல்ல முடியாது. கண்டன நோட்டீஸ் கட்டை வடை மடிக்க வைத்துக்கொள் என்று குப்புராஜிடம் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் முடிவெட்டப் போன இடத்தில், ரேஷன் கடையில், பஸ்ஸில், நான்கு பேர் கேட்டால் சொன்னேன். கேட்காதவர்கள் சிலருக்கும் தகவலுக்காகச் சொன்னேன். தியோடர் உங்களுக்குப் போன் செய்ததும் அந்த வாரம்தான்.

சனிக்கிழமை இங்கே வந்து ஒரு வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதத்தில் ஏதோ எழுதியிருந்தது. எண்ணெய் படாத பக்கத்தைப் படித்தேன். பழக்கம் போகுமா? "பிறந்தவுடன் இன்னாரின் மகள். மணந்தவுடன் இன்னாரின் மனைவி. பெற்றவுடன் இன்னாரின் தாய். அவளுக்கென்று வைத்த பெயர் எங்கே போனது, ஐயா? தன் பெயரை அவள் தலையில் சுமத்துகிற ஒவ்வொருவனும் திருடன்." நன்றாக இருந்தது. வீரமாக எழுதியிருக்கிறானே, யார் இவன் என்று மடிப்பைப் பிரித்து அடியில் பார்த்தேன்.

கனலரசு.

மிகப் பழைய நோட்டீஸ். நான் கொடுத்த கட்டு இல்லை அது. இது எப்படி உன்னிடம் வந்தது என்று குப்புராஜைக் கேட்டேன். அன்று காலைதான் என் துணைவி பரண் சுத்தம் செய்தேன் என்று ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தாளாம். நோட்டீஸ்காரருக்கு வடை கொடுத்தால் இதில் மடித்துக் கொடு, அவருக்கு அவர் காகிதமென்றால் பிடிக்கும் என்றாளாம். அவளுக்குப் பழைய காகிதம் வீட்டில் அடைந்து கிடந்தால் ஆகாது. தற்செயலைப் பாருங்கள், தோழர். வடை எனக்குச் செரிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. போதகர் வாசித்தார், திருமதி கனலரசு. மறுப்பு உண்டா என்றார். யாரும் எழவில்லை. மறுபடி கேட்டார். ரத்தினத்தின் மகன்கூடப் பேசாமல் இருந்தான். கடைசித் தடவை கேட்பதற்கு வாயைத் திறந்தார். இன்னும் ஒரு மூச்சு நான் பொறுத்திருந்தால் போதும், கல்லில் கனலரசு ஏறியிருக்கும். நான் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், என் பிருஷ்டம் அந்தப் பெஞ்சை விடவில்லை. பெஞ்சு எங்கள் சங்கத்துப் பெஞ்சாக இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. எழுந்துவிட்டேன்.

தியோடர் உச்சந்தலையைக் காட்டிச் சைகை செய்தார். மறுக்க எனக்கு உரிமை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் ஒரு கேள்வி கேட்க நனைய வேண்டுமா என்று கேட்டேன். போதகர் சிரித்துவிட்டு, கேளுங்கண்ணா என்றார்.

"இப்ப வாசிச்ச பேர் உள்ளவங்க இங்க இருந்தா, எழுந்து நிக்கச் சொல்லுங்க."

எல்லாரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். என் துணைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழவில்லை. போதகர், அம்மா என்று கூப்பிட்டார். அவள் உட்கார்ந்தபடியே என்னைக் காட்டினாள்.

"அது அவர் பேருங்க."

அப்படியானால் உங்கள் பெயர் என்ன என்று போதகர் கேட்டார். அப்போது எழுந்து நின்றாள். சொன்னாள். கேட்கவில்லை என்று தியோடர் காதில் கையை வைத்தார். மறுபடி சொன்னாள், இந்தத் தடவை தெருக்குழாய் வரை கேட்டிருக்கும். ஆள் அதே ஆள்தான், மூன்று வாசிப்பும் செல்லும், மறுப்பு இல்லையென்றால் ஆமென் சொல்லுங்கள் என்றார் போதகர். ஆமென் என்று கூரை அதிர்ந்தது. கிழவிகள்தான் அதிகச் சத்தம்.

வாசலில் செருப்புப் போடும்போது போதகர் என்னிடம் வந்தார். மலையில் ஓர் அடக்க ஆராதனை, அவர் உடனே கிளம்ப வேண்டும். தியோடர் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறார், போனில் பிடிக்க முடியாது. கல்வெட்டுக்காரர் நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறார், அவருக்குப் பழைய பெயர்தான் தெரியும், நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் தன் கோயில் தொட்டியில் உட்கார்ந்தவனிடம் இதை ஒப்படைக்கிற ஆள் எப்படிப்பட்டவர் பாருங்கள். இந்தச் சபையில் யாருக்கும் அரசியல் தெரியாது.

ஆக, நிலைமை இதுதான். புதுப் பெயர் உங்களுக்குத் தெரியாது. சொல்லும் பொறுப்பு என் ஒருவனிடம்தான். நான் இன்று காலை போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் நீங்கள் பாட்டுக்குப் போய்ப் பழைய பெயரை வெட்டிவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். கருங்கல்லில் வெட்டினதை அழிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். வரட்டும், வெட்டட்டும் என்று படுத்துத்தான் இருந்தேன். துணைவி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பஸ் வந்துரும் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் எதற்குச் சொன்னாளோ, நான் கொள்கைக்காக எழுந்தேன்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வழி நான் வாங்கியது. பெஞ்சு நான் கொடுத்தது. தண்ணீர் நான் அடி வாங்கிக் கொண்டுவந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாதவள் பெயர்தான் கல்லில் ஏறுகிறது. சரி, ஏறுவதாவது சரியாக ஏறட்டும். என் பெயரை அவள் தலையில் சுமத்தித் திருட நான் தயாரில்லை.

இப்போது சொல்லுங்கள், தியோடர் உங்களுக்கு என்ன பெயர் சொன்னார்? ஆமாம், அதேதான். நீங்கள் சொல்லும்போதுகூட நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவை சொல்லுங்கள். போதும். மறந்துவிடுங்கள்.

சுண்ணக்கட்டி வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள், இந்தப் பெஞ்சிலேயே எழுதுகிறேன். கண்ணில் புரை, ஆனால் இது நோட்டீஸ் எழுதின கை, வரி கோணாது. இதோ. இனிஷியல் கிடையாது. முன்னால் ஒன்றும் வேண்டாம், பின்னால் ஒன்றும் வேண்டாம். இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெறுமனே பார்த்து எழுதிக்கொண்டால் போதாது. வாய்விட்டு வாசித்து, சாட்சி வைத்துக் கொடுக்கிறேன், நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. வாசித்துப் பழக்கம் இல்லாத பெயர், கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் நான் இந்தா என்பேன், வந்துவிடுவாள். இத்தனை வருடத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. அதனால் கூப்பிட்டது கிடையாது. நாக்குத்தான் புதிது, வேறொன்றும் இல்லை.

குப்புராஜ், அந்த ரேடியோவை நிறுத்து. கண்டக்டர் தம்பி, டீயை வைத்துவிட்டு இப்படி வாருங்கள், நீங்களும் சாட்சி. அம்மா, கீரைக் கூடையை இறக்கிவிட்டு நீங்களும் கேளுங்கள். எல்லாரும் கேளுங்கள், வாசிக்கிறேன்.

மனோரஞ்சிதம்.